கொட்டானுக்குள் ஒரு கேமரா

என் கணவர் படம் எடுக்கும்போது யாரும் மூச்சு விடக்கூடாது. புதுக்கோட்டைக் கடைவீதியில் எங்களுக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. முன்பாதிக்கு ஓடு, பின்பாதியில் வெளிச்சத்துக்காகக் கூரையில் கண்ணாடி பதித்திருந்தோம். அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஒரு நாற்காலி, அதன் பின்னால் ஏரியும் அன்னமும் எழுதிய திரை, தலை ஆடாமல் இருக்கப் பிடரியில் முட்டுக்கொடுக்கிற ஒரு இரும்புக் கவை. வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள்.

"அசையாதீங்க. கண்ணச் சிமிட்டாதீங்க. மூச்சப் புடிச்சுக்கங்க" என்பார் இவர். லென்ஸின் மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, திரும்ப மூடுவார். ஊரில் பாதிப் பேர் எங்கள் சுவரில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

நான் அரிமளத்துப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் ஸ்டூடியோ பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் இவருக்கு மருந்து வாடை ஒத்துக்கொள்ளாது. இருட்டறைக்குள் நுழைந்தால் தும்மல், தும்மினால் கை ஆடும், கை ஆடினால் கண்ணாடிப் பிளேட் கீழே விழும். அப்படி இரண்டு ஜமீன் குடும்பங்கள் தரையில் விழுந்து நொறுங்கிய பிறகு, "நீதான் வந்து கழுவிக் குடேன்" என்றார். போனேன். சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில், தட்டிலிருந்த டெவலப்பர் மருந்துக்குள் ஒன்றுமில்லாத கண்ணாடியில் ஒரு மூக்குக் கிளம்பி வந்ததை முதல்முறை பார்த்த அன்று நான் சமையலை மறந்தேன். அடுப்பில் இருந்த குழம்பு அடியோடு தீய்ந்துபோனது.

கேமரா என் கைக்கு வந்தது தற்செயலாகத்தான். மலாயாவிலிருந்து வந்த ஒருவர், இறந்துபோன தன் அப்பாவின் சிறிய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரச் சொன்னார். அதற்குப் பதிலாகத் தன்னிடம் இருந்த பெட்டிக் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்புத் தோல் ஒட்டிய ஒரு சின்னப் பெட்டி. முன்னால் ஒற்றைக் கண், பக்கத்தில் ஒரு விசை, மேலே தபால்தலை அளவுக்கு ஒரு கண்ணாடி. இடுப்போடு அணைத்துப் பிடித்து, குனிந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் எதிரில் இருப்பது தெரியும்.

"இது வெளயாட்டுச் சாமான்" என்று இவர் அதை அலமாரி மேல் வைத்தார். "நாற்காலி வேணாம், ஸ்டாண்டு வேணாம்னா அது என்ன கேமரா?"

அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த ஒரு மத்தியானம் நான் அதை எடுத்து வாசல் படியில் நின்று குனிந்து பார்த்தேன். அந்தத் துக்கினியூண்டு கண்ணாடிக்குள் கடைவீதி முழுவதும் நடந்துகொண்டிருந்தது! அதுவும் இடவலம் மாறி. வலப்பக்கம் போகிற குதிரைவண்டி அதற்குள் இடப்பக்கம் ஓடியது. கொஞ்ச தூரத்தில் அது நின்றுவிட, வண்டிக்காரர் இறங்கி, நகர மறுத்த குதிரையின் காதில் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். நாள்தோறும் பார்க்கிற தெருதான். ஆனாலும் யாரோ எனக்கென்று தனியாக ஒரு கூத்து நடத்திக் காட்டுவது போல் இருந்தது. விரல் விசைக்குப் போனது. அமுக்கிவிட்டேன்.

பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு பிலிம் சுருள் இருந்தது. எட்டுப் படம் எடுக்கலாம் அதில். எட்டையும் அந்த மத்தியானத்திலேயே எடுத்துத் தீர்த்தேன். இவர் எழுந்து வருவதற்குள் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெளியே கொண்டுவந்து பார்த்தால் ஒன்றில் என் கட்டைவிரல் மட்டும் மலைபோல் நின்றது. ஒன்றில் வானம். குதிரைக்குத் தலை இல்லை, வண்டிக்காரருக்கு உடம்பு இல்லை. சைக்கிளில் போனவர் புகையாகக் கரைந்திருந்தார். இவர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துச் சிரித்தார். கடைசிப் படத்தில் மட்டும் சிரிப்பு நின்றது.

எதிர்வரிசைக் காப்பி கிளப்பை எடுத்த படம் அது. காப்பி ஆற்றுகிறவர் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, மறு கையை முழங்காலுக்கு இறக்கியிருந்தார். நடுவில் காப்பி ஒரு வெள்ளைக் கயிறாகத் தொங்கியது. பக்கத்தில் காத்திருந்த ஒருவர் அந்தக் கயிற்றைப் பார்த்தபடி வாயைத் திறந்துகொண்டிருந்தார்.

"வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறான். இதப் போயி ஒரு படம்னு…" என்று தொடங்கியவர் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "ஏ புள்ள, அந்தக் காப்பி எப்பிடி நின்னுச்சு?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காப்பி கிளப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே போகிற கை, உச்சிக்குப் போனதும், இறங்குவதற்கு முன்னால் ஒரு கண நேரம் நிற்கிறது! நெல் குத்துகிற உலக்கையும் நிற்கிறது. ஊஞ்சலும் நிற்கிறது. கோபத்தில் ஓங்கின கைகூட அடிப்பதற்கு முன் ஒரு கணம் நின்றுதான் இறங்குகிறது. குறுக்கே ஓடுகிறவர் கரைந்துபோவார். நம்மை நோக்கி வருகிறவர் கரையமாட்டார். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தபோது புதையல் எடுத்தவள் மாதிரி ஓடி ஓடிப் போய் இவரிடம் சொன்னேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு மாலையைச் சரிசெய்துகொண்டே, "சரி, சரி, உள்ள போ" என்பார்.

அடுத்த சுருளோடு வாரச் சந்தைக்குப் போனேன். அங்கேதான் சங்கடம் வந்தது. பெட்டியை வெளியே எடுத்ததும், அதுவரை கத்திரிக்காய்க்காக அடுத்த கடைக்காரியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்த பெண் சட்டென்று வாயை மூடினாள். மாராப்பைச் சரிசெய்தாள். இரண்டு கையையும் தொங்கவிட்டு, கம்பம் நட்டது போல் நின்றாள். திட்டு வாங்கியவளும் வந்து அவள் பக்கத்தில் நின்றாள். அப்புறம் வெங்காயக்காரர், கருவாட்டுக்காரர், மாடு வாங்க வந்தவர், மாடு. சந்தையே மூச்சை அடக்கிக்கொண்டு வரிசையாக நின்றுவிட்டது.

"ஆத்தா, எடுத்தாச்சா? மூச்சு முட்டுது" என்றார் வெங்காயக்காரர்.

எங்கள் ஸ்டூடியோ என்னைத் துரத்திக்கொண்டு சந்தைக்கே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எடுக்காமல் திரும்பினேன்.

வீட்டில் வெற்றிலை வைக்கிற ஒரு பனையோலைக் கொட்டான் இருந்தது. அதன் பக்கவாட்டில் கத்தரிக்கோலால் ஒரு வட்டம் வெட்டினேன். பெட்டியை உள்ளே வைத்தால் கண் சரியாக வட்டத்துக்கு நேரே வந்தது. சுற்றிலும் வெற்றிலையைச் செருகினேன். மேலே திறந்த வாய் வழியாகக் குனிந்து பார்க்கலாம். பார்க்கிறவர்களுக்கு நான் சில்லறை தேடுவது போல் இருக்கும். விசையை விரலால் தொடுவதற்கு ஓலையை லேசாக நெகிழ்த்திக்கொண்டேன். செய்து முடித்ததும் கண்ணாடி முன்னால் நின்று இடுப்பில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே வராது. கொட்டானோடு போகிற ஆயிரம் பெண்களில் நான் ஒருத்தி!

அந்த நாட்களைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை. தராசைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கிற கருவாட்டுக்காரர். வளையல் போட்டுக்கொள்ளும்போது வலியில் உதட்டைக் கடித்து, வளையல் ஏறினதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்த பெண். இரண்டையும் அடுத்தடுத்து எடுத்தேன். குடை ரிப்பேர் செய்கிறவர் மழைக்குத் தன் குடையை விரித்தால் அது உள்பக்கம் மடங்கிக்கொண்டது. எது எப்போது வரும் என்று தெரியாது. நின்று, காத்து, இல்லை என்று நகரும்போது அது நடக்கும். நடக்கிற அந்தக் கணத்தில் மூச்சை அடக்க வேண்டியது நான்தான், அவர்கள் இல்லை.

இவருக்கு மட்டும் ஒரு உறுத்தல் இருந்தது. "ஆளுக்குத் தெரியாம எடுக்கிறது என்ன நியாயம்? கேட்டுட்டு எடு."

"கேட்டா நட்ட கம்பமா நிக்கிறாங்களே!"

"அப்ப எடுத்துட்டாவது கேளு."

அது சரியாகப் பட்டது. பிரிண்ட் போட்டதும் அந்தந்த ஆளிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். வேண்டாம் என்றால் அவர்கள் கண்ணெதிரே கிழித்துவிடுவேன். ஒருவர் இருவர் கிழிக்கச் சொன்னார்கள். வளையல் போட்ட பெண் சிரிக்கிற படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, திருப்பித் தரவே இல்லை.

இதற்குள் யுத்தம் முற்றிவிட்டது. ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு, நடந்தே வந்து சேர்ந்தவர்கள் எங்கள் ஊர்த் தெருக்களில் தென்பட்டார்கள். பெட்ரோல் கிடையாது, பஸ்களின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். பிலிம் கிடைப்பதே அபூர்வம் ஆனது. அந்தச் சமயத்தில்தான், எங்கள் சமஸ்தான எல்லைக்கு வெளியே கடற்கரையில் இருக்கிற கட்டுமாவடியிலிருந்து ஒரு மரைக்காயர் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம், வீட்டோடு வந்து படம் எடுக்க வேண்டும்.

"ஆம்பளைங்கள தம்பி எடுக்கட்டும்" என்றார் என் கணவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "பொம்பளைங்க பகுதிக்கு நீங்க வரணும்மா. நீங்கன்னாத்தான் எங்க வீட்ல ஒத்துக்குவாங்க."

ஸ்டாண்டு கேமரா, பிளேட்டுகள், தட்டுகள், மருந்துகள், சிவப்பு விளக்கு என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கரிப் பஸ்ஸில் அறந்தாங்கி போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் கட்டுமாவடி போய்ச் சேர்ந்தோம். கொட்டானும் மடியில் இருந்தது. அதற்குள் என்னிடம் மிச்சமிருந்த ஒரே சுருள்.

மறுநாள் காலை உள்முற்றத்தில் பெண்களை எடுத்தேன். இவர் முன்கூட்டியே எல்லாம் அளந்து வைத்துவிட்டு வெளியே போய்விட, நான் மூடியைக் கழற்றி மூடினேன். மரைக்காயர் வீட்டுச் சரக்கறையில் ஜன்னலை அடைத்து, அங்கேயே பிளேட்டுகளைக் கழுவிச் சரிபார்த்துக் காயவைத்தேன். நன்றாக வந்திருந்தன. எல்லாரும் மூச்சை அடக்கியிருந்தார்கள்.

வேலை முடிந்தது. கடற்கரையிலிருந்து கூச்சல் கேட்டது. மீன் ஏலம். இவர் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். நான் கொட்டானை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

வத்தைகள் கரைக்கு வந்து நின்றிருந்தன. அந்தப் பக்கத்து மீன்பிடிப் படகை அப்படித்தான் சொல்வார்கள். முழங்கால் தண்ணீரில் ஆண்கள், மணலில் கூடையோடு பெண்கள், நடுவில் தொண்டை கிழியக் கத்துகிற ஏலக்காரர். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எங்கே திரும்பினாலும் படம்! கண்ணாடிக்குள் பார்ப்பதா, நேரில் பார்ப்பதா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. ஒரு திருக்கையை இரண்டு பேர் பாய் இழுப்பது போல் இழுத்து வந்தார்கள். அமுக்கினேன். கத்துகிற ஏலக்காரரை, வரிசையாக நின்ற வத்தைகளை, இன்னும் இரண்டு மூன்றை அமுக்கினேன். வத்தையில் நின்ற ஒருவர் ஒரு பெரிய வாளை மீனைக் கரையில் நின்ற பெண்ணை நோக்கி வீசினார். அது வெள்ளியாக மேலே போனது. உச்சி வரட்டும், உச்சி வரட்டும் என்று காத்து அமுக்கினேன். பட்டதா இல்லையா என்று தெரியாது.

கடைசிப் படம் ஒன்று இருந்தபோது, கூட்டத்துக்குள் காக்கி உடுப்போடு ஒருவர் நண்டு பேரம் பேசுவதைப் பார்த்தேன். கரைக் காவலுக்குப் போட்டிருந்த ஏட்டு. நல்ல ஆகிருதி, முறுக்கின மீசை. கூடையிலிருந்து ஒரு நண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நண்டும் அவரைத் திருப்பிப் பார்த்தது. அடுத்து என்ன ஆனதென்றால், அது அவருடைய கால்சட்டை விளிம்பைக் கவ்விக்கொண்டது. ஏட்டு ஒற்றைக்காலில் குதித்தார். தொப்பி பறந்தது. மீன்காரிகள் ஓவென்று சிரித்தார்கள். அவர் உச்சியில் இருந்தபோது நான் அமுக்கிவிட்டேன்.

சிரிப்பை அடக்க முடியாமல் கொட்டானை அசைத்துவிட்டேன் போலிருக்கிறது. வெற்றிலை சரிந்தது.

"ஏடி, இங்கிட்டு வாங்கடி! இந்தம்மா கொட்டானுக்குள்ள கண்ணு ஒண்ணு முழிக்குது!" என்று ஒரு மீன்காரி அலறினாள்.

கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டது. ஏட்டு நண்டை உதறிவிட்டு, தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கொட்டானுக்குள் எட்டிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"கேமராவா? கரையில போட்டோ எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு, தெரியுமா? யாரு நீ? எந்த ஊரு?"

"புதுக்கோட்டைங்க. மரைக்காயர் வீட்டுக் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தோம்."

"சமஸ்தானத்து ஆளா? கல்யாணம் அங்கிட்டு நடக்குது. இங்கிட்டு ஒனக்கு என்ன வேல? அதுவும் ஒளிச்சு வச்சு எடுக்கிற? யாருக்கு அனுப்புற இதெல்லாம்?"

கூட்டம் என்னைவிட்டு ஓர் அடி விலகியது. ஜப்பான்காரனுக்கு ஆள் வைத்துக் கரையைப் படம் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது ஊரெல்லாம் இருந்தது, எனக்கும் தெரியும்.

ஏட்டு பெட்டியைப் பிடுங்கி, திறப்பதற்கு விளிம்பைத் தடவினார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, அவர் கையின் மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"தொறக்காதீங்க! வெயில் பட்டா படம் செத்துப்போயிருமுங்க."

"சாகட்டும்."

"செத்துப்போனா நான் எதை எடுத்தேன்னு ஒங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? நான் நல்லவளா கெட்டவளான்னு சாட்சி சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு."

அவர் யோசித்தார். மீன்காரிகளும் யோசித்தார்கள். "அதுஞ் செரிதானே ஏட்டையா" என்றாள் அலறிய மீன்காரியே.

"இப்பவே கழுவிக் காட்டுறேன். மருந்து இருக்கு, இருட்டறை இருக்கு. நீங்களும் உள்ள வந்து பாருங்க" என்றேன்.

ஊர்வலமாகப் போனோம். முன்னால் பெட்டியை ஏந்திக்கொண்டு ஏட்டு, பின்னால் நான், எனக்குப் பின்னால் கூடையோடு கட்டுமாவடிக் கடற்கரை. வாசலில் நின்ற என் கணவர் எங்களைப் பார்த்து வெளிறிப்போனார். மரைக்காயர்தான் நிதானமாக, "உள்ள வாங்க, வெயிலு" என்று எல்லாரையும் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தம்மா எங்க வீட்டு விருந்தாளி. நீங்க பாக்க வேண்டியதப் பாருங்க, ஏட்டையா. ஆனா மரியாதையாப் பாருங்க" என்றார்.

சரக்கறைக்குள் நாங்கள் மூன்று பேர்: நான், என் கணவர், ஏட்டு. சிவப்பு விளக்கு. மிளகாய் மூட்டையும் மருந்தும் சேர்ந்த வாடையில் இவர் தும்ம ஆரம்பித்தார். நான் சுருளின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, டெவலப்பர் தட்டுக்குள் பட்டம் விடுவது போல மேலும் கீழுமாக இழுத்தேன். ஏட்டு என் தோளுக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது: கடைசிப் படத்தில் இருப்பது யார்! கை ஒரு கணம் நின்றது. இப்போது என்ன செய்வது? தெரியாத மாதிரி வெளிச்சத்தில் காட்டிக் கெடுத்துவிடலாமா? மனசு கேட்கவில்லை. வருவது வரட்டும் என்று இழுத்தேன்.

"ஏதோ தெரியுது!" என்று ஏட்டு என் காதருகே கத்தினார். "ஏய், தெரியுது பாரு! அந்தா, வத்தை! அந்தா கூடை! அடி ஆத்தீ!"

முதல்முறை பார்க்கிற எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள். அந்த நேரத்தில் அவர் போலீஸ்காரராக இல்லை. படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ மருந்தில் போட்டு, கதவைத் திறந்து, ஈரச் சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வானம் கறுப்பு, மணல் கறுப்பு, மனிதர்களின் முடியும் முகமும் வெள்ளை.

"என்னம்மா இது, எல்லாம் பேய் மாதிரி இருக்கு?"

"இத வச்சு வெயில்ல ஒரு காகிதத்துல எடுத்தா நேரா வந்துருமுங்க."

"அப்ப எடுத்துக் காட்டு."

என் கணவர் கடைசிப் படத்தைக் கண்டுகொண்டுவிட்டார். நெகட்டிவைப் பார்த்தே ஆளைச் சொல்கிற கண் அவருக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இது போதுமுங்களே ஏட்டையா, எதுக்கு வெயில்ல சிரமம்…" என்று இழுத்தார். ஏட்டு கேட்கவில்லை.

சுருள் காய வேண்டும். முற்றத்துக் கொடியில் தொங்கவிட்டதும் மீன்காரிகள் ஆளுக்கொரு விசிறியை வாங்கிக்கொண்டு வீச ஆரம்பித்தார்கள். என் ஆயுளில் எந்தப் படத்துக்கும் அப்படி ஒரு உபசாரம் நடந்ததில்லை. காய்ந்ததும், வெயிலில் வைத்தாலே படம் ஏறுகிற காகிதத்தைச் சட்டத்துக்குள் வைத்து, நெகட்டிவை அதன் மேல் வைத்து, முற்றத்து வெயிலில் சாய்த்து வைத்தேன். வீட்டுப் பெண்கள் கதவிடுக்கிலிருந்து பார்த்தார்கள். எல்லாத் தலையும் அந்தச் சட்டத்தின் மேல் குனிந்தது. நிழல் விழுகிறது, தள்ளிக்கொள்ளுங்கள் என்று நான் ஒவ்வொருவரையும் விலக்க வேண்டியிருந்தது.

முதலில் திருக்கை வந்தது. அடுத்து ஏலக்காரரின் திறந்த வாய். அதற்கடுத்தது வந்தபோது எல்லாரும் இன்னும் கிட்டே குனிந்தார்கள். வீசின கை ஒரு பக்கம், ஏந்தின கை மறுபக்கம், நடுவில், வானத்தில், தண்ணீர்ச் சொட்டுகளோடு அந்த வாளை மீன் வளைந்து நின்றது. கீழே விழவே இல்லை.

"அது நாந்தான்! அது என் கையி!" என்று ஏந்தின பெண் குதித்தாள். "அப்பறம் புடிச்சேன்! இவங்ககிட்ட சொல்லுங்கம்மா, கீழ விடல, புடிச்சேன்!"

என் கணவர் சட்டத்தின் முன்னால் முழந்தாளிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசிப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஏட்டே சட்டத்தைத் தூக்கினார். மீசை, காற்றில் தொப்பி, ஒற்றைக்கால், கால்சட்டையில் நண்டு. அச்சாக இருந்தது. ஒரு மீன்காரி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏட்டு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"நண்டு மூஞ்சியப் பாருங்கய்யா! எம்புட்டுத் தெனாவெட்டு!"

அப்புறம்தான் மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் தீர்ப்புச் சொன்னார். "இது கரைய எடுத்த படம் இல்ல. நண்ட எடுத்த படம். நண்ட எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு இல்ல."

ஆனாலும் கடமை கடமைதான். வத்தைகள் வரிசையாக நின்ற அந்த ஒரு படத்தைக் கத்தரித்து வாங்கி அடுப்பில் போட்டுவிட்டார். கரையின் அமைப்பு அதில் தெரிகிறதாம். கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. அதை இன்னும் காகிதத்தில் எடுக்கவில்லை, நெகட்டிவாக மட்டும்தான் பார்த்தேன். நேராக வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. யுத்தம் முடிகிறவரை கேமராவோடு கரைப் பக்கம் வரக்கூடாது என்று எச்சரித்துவிட்டு, தன் படத்தில் இன்னொரு பிரிண்ட் அம்மாவுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

திரும்புகிற வண்டியில் இவர் கொட்டானையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அறந்தாங்கி நெருங்கும்போது கொட்டானை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த மீன எப்பிடிப் புடிச்ச? எப்ப அமுக்குன? நெதானமாச் சொல்லு."

சொன்னேன். காப்பி ஆற்றுகிறவர் கை, உலக்கை, ஊஞ்சல், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை அவர் "சரி, சரி" என்று சொல்லவில்லை. நடுநடுவே கேள்வி கேட்டார். கரிப் பஸ் வழியில் நின்று, டிரைவர் இறங்கி அடுப்பைக் கிளறிய நேரம் முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம்.

வாளை மீன் படத்தைப் பெரிதாக்கி ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் கல்யாண ஜோடிகளுக்கு நடுவில் வைத்தார். நாளெல்லாம் வாசலில் கூட்டம். "கயித்துல கட்டித் தொங்கவிட்டு எடுத்தது" என்று ஒருவர் பந்தயம் கட்டினார். காப்பி கிளப் முதலாளி தன் படத்தைக் கேட்டு வாங்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். வாயைத் திறந்திருந்தவர் எங்களிடம் வந்து, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, சும்மா எடுத்தீங்க, சரி. ஆனா காப்பி குடிக்க வர்றவன்லாம் என்னயப் பாத்து வாயத் தொறக்குறான்" என்று முறையிட்டார். அவர் முகம் மட்டும் மறையும்படி முதலாளி ஒரு நாட்காட்டியை மாட்டினார். தேதி கிழிக்கிறவர்கள் எல்லாரும் தூக்கிப் பார்த்தார்கள்.

இவரும் தனக்கென்று ஒரு பழைய பெட்டிக் கேமராவை வாங்கிவிட, பிலிம் கிடைக்கும்போதெல்லாம் இருவருமாகச் சந்தைக்குப் போக ஆரம்பித்தோம். இவர் எடுத்த முதல் சுருளில் ஒருவருக்கும் தலை இல்லை. இரண்டாவதில் தலை மட்டும் இருந்தது. நான் இருட்டறையிலிருந்தே சிரிக்க, வெளியே இவர், "சிரிக்காத, சிரிக்காத, இன்னொரு சுருள் குடு" என்று கதவைத் தட்டுவார்.

ஒரு நாள் அவர் கொண்டுவந்த சுருளைக் கழுவும்போது, நாலாவது படத்தில் ஒரு பெண் வந்தாள். சந்தைக்கு நடுவில், சுற்றிலும் மாடும் கூடையும் காலும் நெரிய, இடுப்பில் கொட்டானோடு தலையைக் குனிந்து நின்றிருந்தாள். நாக்கு நுனி பல்லுக்கு இடையில் துருத்திக்கொண்டிருந்தது. கொண்டை பாதி அவிழ்ந்து, மூக்கில் வியர்வை. எருமை ஒன்று அவள் முந்தானையைத் தின்றுகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவே இல்லை.

அந்தச் சேலை ஏன் கிழிந்தது என்று நான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

"கிழிச்சுப் போடுங்க" என்றேன்.

"கண்ணெதிர கிழிக்கணும்தான், ஆனா மாட்டேன். இதுக்குத் தலையும் வந்துருக்கு, காலும் வந்துருக்கு" என்று அவர் அதைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வாளை மீனுக்குப் பக்கத்தில் மாட்டினார். நான் கழற்றினேன். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றி ஒளித்து வைத்தேன்; எங்கிருந்தோ இன்னொரு பிரிண்ட் வந்தது.

மூன்றாம் நாள் கல்யாணப் படம் எடுக்க வந்த ஒரு குடும்பம் வாசலிலேயே நின்றுவிட்டது. பெண்ணின் தாயார் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"இந்தப் பொம்பள பாவம், கொட்டானுக்குள்ள எதத் தொலச்சிட்டுத் தேடுது? மாடு திங்கிறதுகூடத் தெரியாம!"

என் கணவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாற்காலியையும் இரும்புக் கவையையும் ஓரமாக நகர்த்திவிட்டு, "மொதல்ல பொண்ணு மாப்பிளையத் தெருவுக்குக் கூப்பிடுங்க" என்றார். "அங்க நின்னு எதையாச்சும் பேசிக்கிட்டு இருக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிறோம்."

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.